புகைபோக்கிக்கு ஓலை வைத்தவள்

ஆறு வயதுக் குழந்தை ஒருத்தியை, ஊர் கூடிய சபையில், பொய்க்காரி என்று சொன்னேன். அவள் சொன்னது உண்மை. பொய் சொன்னவள் நான்.

இந்த மூன்று வாக்கியங்களை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். எப்போதும் போலத்தான்! எட்டு வருடம் கூடவே வைத்திருந்தால் குற்றமும் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிடுகிறது போலும்... தினமும் அதைச் சுற்றித்தான் நடக்கிறேன். காலில் இடித்துக்கொள்வதில்லை.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் உங்களிடம் சொல்கிறேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்கள் கும்மிடிப்பூண்டியில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். அங்கே போக எனக்குக் கால் எழவில்லை. உங்களிடம் வருவது சுலபம். நீங்கள் காறித் துப்பினாலும் என் மேல் விழாது அல்லவா?

நான் ஓவிய ஆசிரியை. முறையாகத் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியவள். அரசுப் பள்ளி வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து, காத்திருப்பதே வேலையாகிப்போனது. வாரத்தில் மூன்று நாள் ஒரு தனியார் பள்ளி. சனி, ஞாயிறு என் வீட்டு முன்னறையில் வகுப்பு. சிப்காட் கம்பெனிகளில் ஷிப்டு பார்ப்பவர்களின் பிள்ளைகள் வருவார்கள். பாய் விரித்து வரிசையாக உட்காரவைப்பேன். முதலில் ஆயில் பேஸ்டல்... எண்ணெயும் மெழுகும் கலந்த அந்த வண்ணக்குச்சி, விரலால் தேய்த்தால் இழைந்து கொடுக்கும். கை சற்றுப் படிந்த பிறகு வாட்டர் கலரும் தூரிகையும்.

என்ன வரையக் கற்றுக்கொடுத்தேன் தெரியுமா? இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஆற்றங்கரையில் குடிசை, பக்கத்தில் மரம். வானத்துக்கு நீலம், புல்லுக்குப் பச்சை, சூரியனுக்கு மஞ்சள். என்னிடம் வந்த பிள்ளைகளில் ஒன்றுகூட மலையைப் பார்த்ததில்லை. ஆரணியாற்றைத் தவிர ஆறும் பார்த்ததில்லை. அதிலும் பெரும்பாலும் மணல்தான். இருந்தாலும் வரைந்தார்கள். நானும் 'வெரி குட்' போட்டேன்.

எங்கள் தொழிலில் இன்னொரு பழக்கமும் உண்டு. எல்லோரும் செய்வது, யாரும் வெளியே பேசாதது. போட்டிக்குப் போகும் படத்தை ஆசிரியர் கடைசியாக ஒருமுறை தொட்டுவிடுவார். 'டச்சப்' என்போம். பிள்ளை எழுந்து வீட்டுக்குப் போன பிறகு, கோணலான கோட்டை நேராக்குவது... அவ்வளவுதான் ஆரம்பத்தில். பிறகு ஒரு நிழல். அப்புறம் முகத்தையே மாற்றி வரைவது. பெற்றோருக்கும் பாதி தெரியும். கோப்பை வந்தால் சரி என்று அவர்களும் கேட்பதில்லை. என் முன்னறைக் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர்; பாதிக்கு மேல் என் கைவேலை. இதில் எனக்குத் துளியும் கூச்சம் இருந்ததில்லை.

அந்த ஆறு வயதுக்காரி பெனிட்டாவை அவள் அம்மா ரோஸிதான் கூட்டிவந்தாள். பேக்கிங் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற அவசரம். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை.

"செவுரு பூரா கிறுக்கிக்கினே கீது மிஸ். ஊட்டுக்காரம்மா தெனம் பேஜாரு பண்ணுது. நீங்கதான் இத்த ஒரு வழி பண்ணணும்."

ஒரு வழி பண்ணிவிட்டேன்! ரோஸி கேட்டதைவிட நன்றாகவே பண்ணினேன்.

முதல் நாள் வானம் தீட்டச் சொன்னேன். பெனிட்டா பழுப்பை எடுத்தாள். அதன்மேல் சாம்பல் நிறத்தை இழுத்தாள். அடியில், தரையைத் தொடும் இடத்தில், ஆரஞ்சை வைத்து விரலால் தேய்த்தாள். நான் குனிந்து, "வானம் என்ன கலர் பாப்பா?" என்றேன்.

"எங்க ஊட்டாண்ட இப்டிதான் மிஸ் கீது."

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் கோபப்படவில்லை. எனக்குத்தான் தெரியவில்லை என்று பரிதாபப்பட்டவளாக, ஜன்னலைக் கை காட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. நீலக் குச்சியை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

இன்னொரு நாள், வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைப் பேஸ்டலால் என்னவோ அழுத்தி அழுத்திக் கிறுக்கிக்கொண்டிருந்தாள். குச்சியை வீணாக்குகிறாள் என்று திட்டினேன். அவள் கறுப்பு வாட்டர் கலரைத் தண்ணீராகக் கரைத்துத் தூரிகையால் காகிதம் முழுதும் ஓட்டினாள். மெழுகு இருந்த இடத்தில் தண்ணீர் ஒட்டவில்லை. கறுத்த வானத்தின் நடுவே வெள்ளைப் புகை, சுருள் சுருளாக, அவள் அழுத்திய அழுத்தத்தோடு எழுந்து நின்றது!

இந்த உத்தி எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியிருக்கிறேன். அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. தானே கண்டுபிடித்திருந்தாள். அந்தப் புகையைப் பார்த்தபோது என் வயிற்றில் எரிந்தது. அது என்ன என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன். பொறாமை. நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு, பால்பல் விழாத குழந்தையின் மேல் பொறாமை! என் வாழ்நாளில் அப்படி ஒரு புகையை நான் வரைந்ததில்லை. வரையப்போவதும் இல்லை.

அந்த வருடம் திருவள்ளூரில் ஒரு சங்கத்தார் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். தலைப்பு 'எங்கள் ஊர்'. வகுப்பிலேயே வரைந்து அனுப்பலாம். பெனிட்டா இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து வரைந்தாள். காகிதத்தின் உயரம் முழுக்க இரண்டு புகைபோக்கிகள். பழுப்பு வானம். கீழே, வலது மூலையில், கம்பெனி கேட்டருகே விரல் நுனி அளவுக்கு ஒரு மனிதன்: நீலச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட், கையில் டிபன் கேரியர். அவள் அப்பா டேவிட். இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலையில், ஃபர்னேஸ் உலைப் பக்கம் வேலை பார்ப்பவர்.

"எங்கப்பா வெளிய வராரு மிஸ். சங்கு ஊதிருச்சு" என்று எனக்கு விளக்கம் சொன்னாள்.

ஞாயிறு வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும் அந்தப் படத்தை மேசைமேல் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

புகைக்கு எவன் பரிசு கொடுப்பான்... அதுதான் என் முதல் யோசனை. இரண்டாவது யோசனை எதையும் நான் யோசிக்கவில்லை, கை வேலையைத் தொடங்கிவிட்டது. பிளேடால் பழுப்பைச் சுரண்டினேன். ஆயில் பேஸ்டல் சுருள் சுருளாக உரிந்து வரும். சுரண்டிய இடத்தில் நீலத்தைத் தடிமனாக ஏற்றினேன். புகை வெண்மேகமாயிற்று. இரண்டு புகைபோக்கிகள்... அவற்றை அழிக்க முடியவில்லை, அழுத்தம் அப்படி. உச்சியில் ஓலைகளைப் போட்டேன். பனைமரங்கள்! கம்பெனிச் சுவரை வரப்பாக்கி, தரை முழுக்கப் பச்சை அடித்தேன். வயல் வந்துவிட்டது.

மூலையில் டேவிட் மிஞ்சினார். வயலில் நீலச் சட்டைக்காரனுக்கு என்ன வேலை? சட்டையைச் சுரண்டினேன். மஞ்சள் ஹெல்மெட்டைச் சுரண்டி முண்டாசு கட்டினேன். கேரியர் இருந்த கையில் ஏர். முன்னால் இரண்டு மாடு. வெற்றுடம்பும் கோவணமுமாக அந்த மனிதர் உழத் தொடங்கினார்.

என் பிறந்த வீடு ஊத்துக்கோட்டைப் பக்கம். எங்களுக்குக் கழனி இருந்தது. அதில் ஏர் ஓட்டியவர்களின் முகம் எதுவும் எனக்கு நினைவில்லை. முதுகுதான் நினைவிருக்கிறது. அந்த முதுகைத்தான் டேவிட்டுக்குப் பொருத்தினேன். அவருடைய அப்பா எங்களைப் போன்றவர்களின் கழனியில் கூலிக்கு உழுதவர் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்! அவர்கள் தெருவில் எல்லோருடைய அப்பாவும் அப்படித்தான். தெரிந்தும் என் கை தயங்கவில்லை. என் கைக்கு அது இயல்பாகத்தான் இருந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது.

முதல் பரிசு கிடைத்தது.

ஆடி மாதத்து ஞாயிறு. ரோஸிக்கு லீவு கிடைக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் டேவிட், கவுன் போட்ட பெனிட்டா, நான். மூவரும் பெரியபாளையம் வழி பஸ்ஸில் திருவள்ளூர் போனோம். கல்யாண மண்டபம் நிறையக் கூட்டம். பரிசு பெற்ற படங்களைச் சட்டம் போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். தேர்வு செய்தவர் என்னிடம் வந்து, "அந்தச் சின்ன மனுஷனை மூலையில வச்சிருக்குது பாருங்க, அங்கதாங்க அந்தக் குழந்தை நிக்குது" என்றார். மூலையில் வைத்தது அவள்தான். அதை மட்டும்தான் நான் மாற்றாமல் விட்டிருந்தேன்.

நான் மாற்றிய பிறகு பெனிட்டா தன் படத்தைப் பார்த்திருக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் மேடை ஏறினாள். சட்டத்துக்குள் பார்த்தாள். பக்கத்துச் சட்டங்களைப் பார்த்தாள். மறுபடி அதற்கே வந்தாள். சங்கத் தலைவர் மைக்கை அவள் வாயருகே பிடித்து, "நீயே வரைஞ்சியாடா கண்ணு?" என்றார்.

"இல்ல. இது என் படம் இல்ல. என் படத்துல எங்கப்பா மஞ்ச ஹெல்மெட் போட்டுக்கினு வருவாரு. இத்த மிஸ் வரைஞ்சிட்டாங்க."

மண்டபம் சிரித்தது. பெற்றோர்கள் சிரித்தார்கள், பிள்ளைகள் சிரித்தார்கள். என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் மட்டும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் மேடை ஏறினேன். மைக்கை வாங்கினேன். என் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா!

"மேடைக் கூச்சம் சார். எல்லாம் அவளே போட்டதுதான். விளையாட்டுக்கு இப்படிப் பொய் சொல்லுவா... குழந்தைதானே!"

கைதட்டினார்கள். அவள் கையில் கோப்பையை வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் புகைப்படத்தில் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதோடு முடிந்திருந்தால் மேடைப் பதற்றம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். முடியவில்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் டேவிட் எனக்காகக் காத்திருந்தார். பெனிட்டா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மிஸ். எனக்குத் தெரியணும். புள்ள சொல்றது பொய்யா?"

அவர் குரலில் கோபமில்லை. என்னை நம்பிக் கேட்டார். சுற்றிலும் யாரும் இல்லை. மைக் இல்லை, கூட்டம் இல்லை. நிதானமாக யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. 'இல்லை டேவிட், நான்தான் மாற்றினேன்' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பரிசு திரும்பப் போயிருக்கும். நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஒரு மாதம்... கூடிப்போனால் இரண்டு மாதம்! பெனிட்டா தலையை அண்ணாந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று அவள் நம்பினாள். சத்தியமாக நம்பினாள்.

"ஆமாம். பொய்தான்" என்றேன்.

டேவிட் அவளை அறைந்தார். அதற்கு முன் அவர் அவளை அடித்ததில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். அவள் அழவில்லை. அவரையும் பார்க்கவில்லை.

"இன்னா வோணா பண்ணு, பொய் மட்டும் பேசாதன்னு சொல்லிக்கீறேன்ல? மிஸ்ஸாண்ட சாரி கேளு."

"சாரி மிஸ்."

"பரவாயில்லைம்மா" என்றேன்.

பரவாயில்லையாம்! பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன் அவளை!

திரும்பும் பஸ்ஸில் அவள் அப்பாவின் மடியில் தூங்கிப்போனாள். பெரியபாளையத்தில் அம்மன் கோயில் கூட்டம் வேப்பிலையும் மஞ்சளுமாக ஏறி நெருக்கியது. சட்டம் போட்ட படத்தை டேவிட் நசுங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கூட்டம் இறங்கிய பிறகு, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகக் கேட்டார்.

"எங்கப்பாதான் மிஸ் ஏர் ஓட்டுனாரு. அடுத்தவன் கழனில. என்னிய அதுலேர்ந்து வெளிய தள்றதுக்குள்ள அந்தாளு செத்தே பூட்டாரு. இவளுக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது மிஸ். என்னிய ஏன் இப்டி வரைஞ்சா? கம்பெனி வேலன்னு சொல்லிக்க புள்ளைக்கு வெக்கமா இருக்குதோ?"

உண்மையைச் சொல்ல அது மூன்றாவது வாய்ப்பு. அப்போதும் வாயைத் திறந்தேன். "குழந்தைகளுக்கு வயல்னா பிடிக்கும், அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆறுதல் அடைந்தவர் போல நடித்தார், பாவம்.

அந்தப் படத்தை வீட்டு நடுச் சுவரில், ஏசு படத்துக்குக் கீழே மாட்டினார். பிள்ளை வாங்கிய பரிசு அல்லவா? ஒருமுறை ரோஸி கூப்பிட்டதால் கிறிஸ்துமஸுக்குப் போனேன். அந்தச் சுவரைப் பார்க்காமல் கேக்கைத் தின்றுவிட்டு வந்தேன்.

பெனிட்டா அதன் பிறகு ஆறேழு மாதம் வகுப்புக்கு வந்தாள். ஒவ்வொரு நிறத்தையும் எடுக்கும் முன் என்னைக் கேட்டாள். "மிஸ், இதுக்கு இன்னா கலரு?" நான் சொன்னதைத் தீட்டினாள். இரண்டு மலை வரைந்தாள், நடுவில் சூரியனும். கோட்டைவிட்டு வெளியே ஒரு துளி வழியவில்லை. வகுப்பிலேயே அடக்கமான பிள்ளை என்று ரோஸியிடம் சொன்னேன். பிறகு ஒரு சனிக்கிழமை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சுவரில் கிறுக்குவதையும் விட்டுவிட்டாள் என்று ரோஸி பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னாள், சந்தோஷமாக.

இதற்குப் பிறகாவது டச்சப் செய்வதை நிறுத்தினேனா என்று நீங்கள் கேட்கலாம். நிறுத்திவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒரு வருடம் நிறுத்தினேன். கோப்பை ஒன்றும் வரவில்லை. திரும்பத் தொட ஆரம்பித்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் டேவிட் என் வீட்டுக்கு வந்தார். காதோரம் நரைத்துவிட்டது. பக்கத்தில் அவருடைய இரண்டாவது பெண், ரூத். அவளுக்கும் அதே ஆறு வயது.

"சின்னவளுக்கும் நீங்கதான் கத்துக்குடுக்கணும் மிஸ்" என்றார். பிறகு, பிள்ளைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "பெரியவ மாதிரி இல்ல. இது பொய் பேசாது."

எட்டு வருடமாக அந்த வீட்டில் பெனிட்டாவுக்குப் பொய்க்காரி என்பதுதான் பெயர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னென்ன தொலைந்தபோது அவளைக் கேட்டிருப்பார்கள்... என்னென்ன சொன்னபோது நம்பாமல் இருந்திருப்பார்கள்... என் தொண்டை வரை வந்தது. 'அவள் பொய் பேசவில்லை டேவிட்.' நாலே சொல்! சனிக்கிழமையிலிருந்து அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை ரூத்தைக் கொண்டுவந்து விட்டது பெனிட்டா. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறாள். நான் கதவுக்குப் பின்னால் பாய் எடுத்துக்கொண்டிருந்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் குந்தி, தங்கையின் செருப்பைக் கழற்றிவிட்டாள். புது வண்ணப்பெட்டியை அவள் கையில் கொடுத்தாள்.

"மிஸ் இன்னா கலரு சொல்றாங்களோ அத்தயே போடு. உனக்கு வேற மாதிரி தெரிஞ்சாலும் போடாத. யாரு வந்து கேட்டாலும் நான்தான் வரைஞ்சேன்னு சொல்லிடு. இன்னா?"

சின்னவள் சரி என்று தலையாட்டினாள். பெனிட்டா எழுந்து, என்னைக் கூப்பிடாமலே தெருவில் இறங்கி நடந்தாள். அவள் முனை திரும்பும்வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

ரூத் பாயில் வந்து உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்து, எந்தக் குச்சியையும் தொடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீலத்தை எடும்மா" என்றேன்.